பாதி மட்டும் திரும்பியது: ஜப்பானின் பங்குக் கணக்குத் திருட்டும் எம் கைகளில் உள்ள தொலைபேசியும்

பங்குக் கணக்கில் களவு என்றால், பணத்தை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் எவரும் முதலில் நினைப்பார்கள். 2025ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் ஜப்பானில் நடந்தது வேறு. கணக்கைத் திறந்து பார்த்தவர்களுக்குப் பணம் வெளியே போனதற்கான அடையாளம் எதுவும் தெரியவில்லை. ஆனால் அவர்கள் ஆண்டுக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த பெரிய நிறுவனங்களின் பங்குகள் அங்கே இல்லை. அவர்கள் அறியாமலே அவை விற்கப்பட்டிருந்தன. அந்தப் பணத்துக்கு, பெயரே கேள்விப்படாத சிறு நிறுவனங்களின் பங்குகள் பெருந்தொகையாக வாங்கப்பட்டிருந்தன. பலருடைய கணக்கில் வந்து கிடந்தவை சீன நிறுவனங்களின் பங்குகள். வாங்கிய சிறிது நேரத்திலேயே அவற்றின் விலை பாதாளத்துக்குப் போயிருந்தது.

ஜப்பானின் நிதிச் சேவைகள் முகவரகம் வெளியிட்ட கணக்கின்படி, அந்த ஆண்டு ஜனவரி முதல் ஏப்ரல் இறுதி வரை இப்படி நடந்த கொடுக்கல் வாங்கல்கள் 3,500க்கும் அதிகம். விற்றதையும் வாங்கியதையும் சேர்த்தால் அவற்றின் பெறுமதி சுமார் 300 பில்லியன் யென், அதாவது ஏறத்தாழ 2 பில்லியன் அமெரிக்க டொலர். மே மாத இறுதியில் அது 500 பில்லியன் யென்னைத் தாண்டியது. இது கொடுக்கல் வாங்கலின் பெறுமதியே தவிர இழப்பின் அளவு அல்ல. இழப்பு அதைவிடக் குறைவு. ஆனாலும் ராக்குட்டென், எஸ்.பி.ஐ, நொமுரா என்று அந்த நாட்டின் பெரிய தரகு நிறுவனங்கள் பலவும் இதில் அகப்பட்டன. டெஸ்டா என்ற புனைபெயரால் ஜப்பான் முழுவதும் அறியப்பட்ட பங்கு வணிகர் ஒருவர், சந்தையில் பெரும் செல்வம் சேர்த்தவர், தன்னுடைய கணக்கும் கைப்பற்றப்பட்டதாக மே மாத ஆரம்பத்தில் வெளிப்படையாகவே அறிவித்தார். சந்தையை நன்கு தெரிந்தவருக்கே இந்த நிலை.

அகப்பட்டவர்களில் பெரும்பாலானோர் அவரைப் போன்றவர்கள் அல்லர். 2024 ஜனவரியில் ஜப்பானிய அரசு, சிறு முதலீட்டாளருக்கு வரிவிலக்கு அளிக்கும் 'நிசா' திட்டத்தைப் பெரிதாக விரிவாக்கியது. வங்கியில் தூங்கும் சேமிப்பைப் பங்குச்சந்தைக்குக் கொண்டுவாருங்கள் என்று அரசே மக்களை அழைத்தது. அதற்குச் சில மாதங்கள் முன்னர்தான், 2023 இலையுதிர்காலத்தில், எஸ்.பி.ஐயும் ராக்குட்டெனும் உள்நாட்டுப் பங்குகளுக்கான தரகுக் கட்டணத்தை முற்றாக நீக்கியிருந்தன. கட்டணம் இல்லை, கந்தோருக்குப் போகத் தேவையில்லை, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போதும். சம்பளக்காரரும் ஓய்வூதியரும் இல்லத்தரசிகளும் அந்த வாசலால்தான் உள்ளே போனார்கள். கள்ளனும் அதே வாசலால்தான் போனான்.

கள்ளன் ஏன் பணத்தை நேரே எடுக்கவில்லை? எடுக்க முடியாது என்பதுதான் காரணம். பங்குக் கணக்கிலிருந்து வெளியேறும் பணம், வாடிக்கையாளரின் சொந்தப் பெயரில் ஏற்கெனவே பதிவாகியுள்ள வங்கிக் கணக்குக்கு மட்டுமே போகும். இது நல்ல பாதுகாப்பு. நிறுவனங்களும் இதை நம்பித்தான் நிம்மதியாக இருந்தன. வாசல் கொஞ்சம் திறந்து கிடந்தாலும் பெட்டகத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாதே என்ற நிம்மதி அது.

ஆனால் பணத்தை வெளியே எடுக்காமலே களவெடுக்க வழி இருக்கிறது. அதிகம் கைமாறாத ஒரு சிறு நிறுவனத்தின் பங்கைக் கள்ளன் முதலில் தன் கணக்கில் மலிவாக வாங்கி வைக்கிறான். ஒரு பங்கு 20 யென் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, கைப்பற்றிய நூறு பேரின் கணக்குகளிலிருந்து அதே பங்கை ஒரே நேரத்தில் வாங்குகிறான். விற்பவர் குறைவு, வாங்குபவர் திடீரென்று அதிகம். விலை 30, 40, 50 என்று ஏறுகிறது. உச்சத்தில் தன்னிடமுள்ளதை விற்றுவிட்டு வெளியேறுகிறான். அவனுடைய பங்கை 50 யென்னுக்கு வாங்கியவர் யார்? கணக்கைப் பறிகொடுத்த அந்த நூறு பேரும்தான். அடுத்து விலை விழுகிறது. பணம் சந்தை வழியாக, பார்வைக்குச் சட்டபூர்வமான ஒரு கொடுக்கல் வாங்கலாக, ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போய்விடுகிறது. 2025 மார்ச் இறுதியில் ராக்குட்டென் சில நூறு சீனப் பங்குகளை வாங்கும் கட்டளைகளையே நிறுத்திவைக்க நேர்ந்தது இதனால்தான். அதன் பின் கள்ளர்கள் ஜப்பானியச் சிறு நிறுவனங்களின் பங்குகளையும் இதற்குப் பயன்படுத்தினார்கள்.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட தந்திரம் என்று சொல்லமுடியாது. 2006இல் அமெரிக்காவின் இணையத் தரகு நிறுவனங்களில் இதே வேலை நடந்தது. அது தொடர்பாக 2007 மார்ச்சில் அமெரிக்க அதிகாரிகள் மூவர் மீது குற்றஞ்சாட்டினார்கள். அவர்களில் இருவர் சென்னைவாசிகள். தாய்லாந்திலும் இந்தியாவிலும் இருந்துகொண்டு அமெரிக்கர்களின் கணக்குகளுக்குள் புகுந்து, மலிவுப் பங்குகளின் விலையை ஏற்றி விற்றார்கள் என்பதே வழக்கு. 2006ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில் மட்டும் இ-ட்ரேட் என்ற நிறுவனம் இவ்வகை மோசடிகளால் 18 மில்லியன் டொலர் இழப்பைக் கணக்கில் காட்டியது. கவனிக்கவேண்டியது, அந்த இழப்பை நிறுவனம்தான் ஏற்றது. வாடிக்கையாளரின் தலையில் கட்டவில்லை. ஜப்பானிய நிறுவனங்களுக்கு இந்த வரலாறு தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பில்லை. ஏறத்தாழ 20 ஆண்டு அவகாசம் இருந்தது.

அப்படியானால் கதவை ஏன் பூட்டவில்லை?

பூட்டு இருந்தது, ஆனால் விரும்பியவர் மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று விடப்பட்டிருந்தது. பெரும்பாலான ஜப்பானியத் தரகு நிறுவனங்களில் உள்நுழையப் பயனர் பெயரும் ஒரு கடவுச்சொல்லும், பங்கை வாங்க விற்க இன்னொரு இரகசிய எண்ணும் இருந்தன. இரண்டு கடவுச்சொற்கள் இருந்தால் இரட்டிப்புப் பாதுகாப்பு என்று தோன்றும். உண்மையில் இரண்டும் ஒரே வகை: மனதில் வைத்திருப்பதும் கையால் தட்டுவதும். ஒரு பொய்ப் பக்கம் முதலாவதைக் கேட்டு வாங்கிவிட்டால் இரண்டாவதையும் கேட்டு வாங்கிவிடும். தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீடு, கைரேகை போன்ற வேறுவகை இரண்டாம் பூட்டுகளைச் சில நிறுவனங்கள் வைத்திருந்தன. கட்டாயமாக்கவில்லை.

கட்டாயமாக்காததற்குச் சொல்லப்படும் காரணம் வசதி. விலை நொடிக்கு நொடி மாறும் சந்தையில், குறியீடு வரும்வரை காத்திருக்க வாடிக்கையாளர் விரும்பமாட்டார். குறியீடு வரவில்லை என்று முதியவர்கள் தொலைபேசி எடுப்பார்கள், அதற்குப் பதில் சொல்ல ஆட்கள் வேண்டும். கட்டணம் எதுவும் வாங்காமல் நடத்தும் வியாபாரத்தில் ஒவ்வொரு அழைப்பும் செலவுதான். பக்கத்துக் கடை இரண்டு படியில் உள்ளே விடும்போது நாங்கள் மூன்று படி வைத்தால் ஆட்கள் அங்கே போய்விடுவார்கள் என்ற பயமும் உண்டு. இவை பொய்யான காரணங்கள் அல்ல. ஆனால் இவை யாருடைய வசதி என்று பார்த்தால், வாடிக்கையாளருடையதைவிட நிறுவனத்துடையதே அதிகம் என்று எனக்குப் படுகிறது.

கடவுச்சொற்கள் பறிபோன விதம் இரண்டு. ஒன்று, தரகு நிறுவனத்திலிருந்து வந்ததுபோல் தோன்றும் மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும். உங்கள் கணக்கு நிறுத்தப்படப்போகிறது, உடனே உறுதிசெய்யுங்கள் என்ற வகை. அதை அழுத்தினால் அசலைப் போலவே ஒரு பக்கம் வரும். இரண்டாவது, கணினியில் ஒளிந்திருந்து உலாவியில் சேமித்துள்ள கடவுச்சொற்களை அள்ளிக்கொண்டு போகும் தீநிரல்கள். இதில் ஏமாறினோம் என்ற உணர்வே பாதிக்கப்பட்டவருக்கு வராது, ஏனென்றால் அவர் எதையும் யாருக்கும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் தட்டச்சிடும் சிரமத்தைத் தவிர்க்க 'நினைவில் வைத்துக்கொள்' என்பதை அழுத்தியது மட்டுமே அவர் செய்த பிழை. அதைச் செய்யாதவர் எம்மில் எத்தனை பேர்?

ஆரம்ப வாரங்களில் நிறுவனங்களிடம் முறையிட்டவர்கள் எதிர்கொண்டது ஒப்பந்தத்தில் இருந்த ஒரு பந்தி. சரியான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இட்டு நடந்த கொடுக்கல் வாங்கலுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்ற பொருளில் அது அமைந்திருக்கும். கணக்குத் திறக்கும்போது 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று எல்லோரும் அழுத்திய அதே ஒப்பந்தம். வங்கி அட்டை மோசடிக்கு 2006 முதல் ஜப்பானில் வைப்பாளரைப் பாதுகாக்கும் சட்டம் உண்டு. பங்குக் கணக்குக்கு அது பொருந்தாது. ஆகச் சட்டத்தில் பிடி இல்லை, ஒப்பந்தமோ எதிராக இருக்கிறது.

நிலைமையை மாற்றியது தொகையின் அளவும் அரசின் சங்கடமும். மக்களே, சந்தைக்கு வாருங்கள் என்று அழைத்த அரசு அது. நிதியமைச்சர் கட்சுனொபு கட்டோ, நட்டஈடு விடயத்தில் நிறுவனங்கள் நேர்மையாக நடக்கவேண்டும் என்று பகிரங்கமாகவே கேட்டுக்கொண்டார். மே 2ஆம் திகதி 10 பெரிய நிறுவனங்கள், ஒப்பந்தம் என்ன சொன்னாலும் ஓரளவு நட்டஈடு கொடுப்போம் என்று அறிவித்தன.

அந்த 'ஓரளவு' என்ற சொல்லுக்குள்தான் எல்லாம் இருந்தது. ஜூலையில் விபரம் தெரியவந்தது. நொமுரா, டைவா போன்று கிளைகளும் முகவர்களும் வைத்து, கட்டணமும் அறவிடும் பழைய நிறுவனங்கள், களவு போவதற்கு முன் கணக்கு எப்படி இருந்ததோ அந்த நிலைக்கே மீட்டுக் கொடுப்பதென்று முடிவெடுத்தன. கட்டணமே வாங்காத எஸ்.பி.ஐ, ராக்குட்டென் போன்ற இணைய நிறுவனங்கள் அடிப்படையில் இழப்பின் பாதியைப் பணமாகக் கொடுக்க முன்வந்தன. மற்றப் பாதி வாடிக்கையாளருடையது.

ஒரே கள்ளன், ஒரே தந்திரம், ஒரே வகைக் கடவுச்சொல். எந்தக் கடையில் கணக்கு வைத்திருந்தார் என்பதைப் பொறுத்து ஒருவருக்கு முழுவதும் கிடைத்தது, இன்னொருவருக்குப் பாதி. இலவசம் என்று விளம்பரப்படுத்தப்பட்டதன் விலை எவ்வளவு என்பது அப்போதுதான் எழுத்தில் வந்தது. பாதி என்ற அளவுக்கும் ஒரு பொருள் உண்டு. தவறில் பாதி உங்களுடையது என்று சொல்வதாகும் அது. அசலோடு ஒட்டியிருக்கும் பொய்ப் பக்கத்தைக் கண்டுபிடிக்காதது ஒரு தனிமனிதரின் பிழை என்றால், 2006இல் இருந்து உலகம் அறிந்த தந்திரத்துக்கு எதிராகக் கதவைப் பூட்டாதது எத்தனை பங்கு பிழை? பாதிப் பாதி என்பது நியாயமான கணக்காக எனக்குப் படவில்லை. இ-ட்ரேட்டும் இணையத்தில் மலிவாக வியாபாரம் செய்த நிறுவனம்தான். அது அன்றே முழுப் பொறுப்பை ஏற்றது.

வன்னியில் இருந்து வந்தவர்களுக்கு இந்த இடத்தில் வேறொரு நினைவு வரக்கூடும். தமிழீழ வைப்பகத்தில் நகை அடகு வைத்தவர்களும் பணம் போட்டவர்களும் இன்னும் இருக்கிறார்கள். சிலரிடம் துண்டு இருக்கிறது, பலரிடம் அதுவும் இல்லை. பதுங்குகுழியிலும் கடற்கரையிலும் விட்டுவந்தவற்றில் அதுவும் ஒன்று. ஜப்பானிய நிறுவனங்கள் நட்டஈட்டு அறிவிப்புச் செய்த அதே 2025 மே மாத ஆரம்பத்தில், இறுதிப் போரின்போது மீட்கப்பட்ட தங்க, வெள்ளிப் பொருட்களை இராணுவம் பொலிஸாரிடம் கையளித்த செய்தியும் வந்தது. உரிமையாளரை எதைக் கொண்டு அடையாளம் காண்பது என்ற கேள்வி அதோடு எழுந்தது. இரண்டையும் ஒப்பிடவில்லை. போரில் தொலைந்தது வேறு, சந்தையில் பறிபோனது வேறு. ஆனால் 'உன்னுடையது என்பதற்கு உன்னிடம் என்ன சான்று இருக்கிறது' என்ற கேள்வியின் கனம் எம்மவர்க்குப் புதிதல்ல.

ஜப்பானுக்குத் திரும்புவோம். 2025 வசந்தகாலத்திலிருந்து நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டாம் பூட்டைக் கட்டாயமாக்கின. ராக்குட்டென் கொண்டுவந்தது கொஞ்சம் வேடிக்கையானது. உள்நுழையும்போது மின்னஞ்சலுக்குச் சிறு படங்கள் வரும். திரையில் காட்டப்படும் பல படங்களில் அவற்றைத் தேர்ந்து அழுத்தவேண்டும். வசதி குறைந்துவிட்டது என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். குறிப்பாக, எல்லா வங்கி, பங்குக் கணக்குகளின் மீதியையும் ஒரே இடத்தில் காட்டும் குடும்பக் கணக்குச் செயலிகளைப் பாவித்தவர்கள். அந்தச் செயலிகள் வாடிக்கையாளரின் கடவுச்சொல்லைத் தாமே வைத்திருந்து உள்ளே போய்ப் பார்த்து வருபவை. இரண்டாம் பூட்டுப் போட்டதும் அவற்றுக்கும் கதவு அடைபட்டது. வசதிக்காகக் கடவுச்சொல்லை இன்னொருவரிடம் கொடுத்து வைப்பது எவ்வளவு சாதாரணமாகிவிட்டது என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

எங்கள் ஊரில் ஓ.ரி.பி என்று எல்லோருக்கும் பழக்கமான ஒருமுறைக் குறியீடும் போதாது என்பது அடுத்துத் தெரிந்த உண்மை. பொய்ப் பக்கத்தில் நீங்கள் கடவுச்சொல்லைத் தட்டும் அதே கணத்தில், கள்ளனின் கணினி அதை அசல் தளத்தில் தட்டுகிறது. அசல் தளம் உங்கள் தொலைபேசிக்குக் குறியீடு அனுப்புகிறது. அது உண்மையான குறியீடு, உண்மையான நிறுவனத்திலிருந்து வந்தது. நீங்கள் அதைப் பொய்ப் பக்கத்தில் தட்டுகிறீர்கள். முடிந்தது. இதனால்தான் ஜப்பான் தரகு நிறுவனங்களின் சங்கம் 2025 ஒக்ரோபரில் திருத்திய வழிகாட்டலில், இப்படி ஏமாற்றிப் பறிக்கமுடியாத உறுதிப்படுத்தல் முறையையே கேட்டது. அதில் முக்கியமானது பாஸ்கீ.

பாஸ்கீ என்பது தொலைபேசிக்குள்ளேயே இருக்கும் இரகசியத் திறவுகோல். கைரேகையோ முகமோ தொலைபேசியின் இரகசிய எண்ணோ காட்டினால், தொலைபேசி அந்தத் திறவுகோலைக் கொண்டு தளத்துக்குப் பதில் சொல்லும். பதில் சொல்வதற்கு முன் தளத்தின் முகவரியைப் பார்க்கும். மனிதக் கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரியும் பொய் முகவரி தொலைபேசிக்கு வேறு முகவரிதான். ஆகவே அது பதில் சொல்லாது. முக்கியமாக, இதில் மனப்பாடம் செய்யவோ, தட்டவோ, மற்றவருக்குச் சொல்லவோ எதுவும் இல்லை. தீநிரல் குடியேறிய கணினியில் இதுவும் முழுக் காப்பு அல்ல, உள்நுழைந்த பின் அந்த அமர்வையே திருடும் வகையும் உண்டு. ஆனால் பொய் மின்னஞ்சலால் நடக்கும் களவை இது பெரும்பாலும் அடைத்துவிடும். விந்தை என்னவென்றால், கடவுச்சொல்லைத் தட்டுவதைவிட இது வசதியானது. பாதுகாப்புக் கூடினால் வசதி குறையும் என்று இத்தனை ஆண்டு சொல்லிவந்த நியாயம் இங்கே அடிபட்டுப் போகிறது.

இந்தியா இதைக் கொஞ்சம் முன்னரே செய்தது. பங்குக் கணக்கில் உள்நுழைய இருவகை உறுதிப்படுத்தல் வேண்டும் என்றும், இயன்றவரை ஒன்று கைரேகை போன்ற உடலடையாளமாக இருக்கவேண்டும் என்றும் அங்குள்ள தேசியப் பங்குச்சந்தை 2022இல் தரகர்களுக்குச் சுற்றறிக்கை விட்டு, செப்டெம்பர் 30 வரை அவகாசம் கொடுத்தது. எல்லாத் தரகர்களுக்கும் ஒரே நாளில் ஒரே விதி என்றால், பக்கத்துக் கடைக்கு ஆள் போய்விடும் என்ற பயத்துக்கு இடமில்லை.

இனி எங்கள் பக்கம். கொழும்புப் பங்குச்சந்தை 2020இல் கைத்தொலைபேசிச் செயலியை அறிமுகப்படுத்தி, வீட்டிலிருந்தே கணக்குத் திறக்க வழிசெய்தது. 2025இல் அதன் அனைத்துப் பங்கு விலைச் சுட்டி 20,000 புள்ளிகளைத் தாண்டியபோது, பங்கு என்றால் என்ன என்று கேட்காதவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்திலும் பங்குச்சந்தைக்குக் கிளை இருக்கிறது. வடக்கு கிழக்கில் இளைஞர்கள் சிலரும், வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் ஒரு பகுதியைப் பெருக்க நினைக்கும் குடும்பங்களும் இதில் இறங்கியிருக்கிறார்கள். கொழும்புச் சந்தையிலும் நாள் முழுவதும் சில நூறு பங்குகள் மட்டுமே கைமாறும் சிறு நிறுவனங்கள் இருக்கின்றன. ஜப்பானியத் தந்திரத்துக்கு வேண்டிய மூலப்பொருள் அதுதான்.

எங்களிடம் ஜப்பானியரிடம் இல்லாத ஒரு பழக்கமும் இருக்கிறது. கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கிகள் எழுதி ஒட்டியிருக்கும். சொல்லாமல் எப்படி? அம்மா கிளிநொச்சியில், கணக்கு அம்மாவின் பெயரில், பணம் அனுப்புவது ரொறன்ரோவில் இருக்கும் மகன், செயலியைத் திறந்து பார்ப்பது யாழ்ப்பாணத்தில் படிக்கும் மகள். குறியீடு அம்மாவின் பட்டன் தொலைபேசிக்கு வரும். அதை அம்மா அழைப்பெடுத்து மகளுக்கு வாசித்துக் காட்டுவார், அல்லது பக்கத்து வீட்டுப் பிள்ளை வட்ஸ்அப்பில் அனுப்பிவிடும். இது அறியாமை அல்ல. பிரிந்து சிதறிய குடும்பங்கள் ஒன்றையொன்று நம்பி வாழ்வதற்குக் கண்டுபிடித்த வழி. ஆனால் குறியீட்டை வாசித்துக் காட்டிப் பழகிய ஒருவர், வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று தமிழிலேயே கதைக்கும் ஒருவனுக்கும் அதேபோல வாசித்துக் காட்டிவிடுவார். அம்மாவுக்கு இரண்டும் ஒரே செயல்.

இதற்கு அறிவுரையை விட ஏற்பாடு உதவும். பங்குக் கணக்கைக் கூட்டுக் கணக்காகத் திறக்கலாம். அல்லது உண்மையில் கணக்கை நடத்தப்போகிறவரின் பெயரிலேயே திறக்கலாம். வயதானவரின் கணக்கை மகள் பார்ப்பதானால் அற்றோணித் தத்துவம் எழுதி, தரகு நிறுவனத்தில் முறையாகப் பதிந்து வைக்கலாம். எழுதச் செலவாகும், நொத்தாரிசிடம் போகவேண்டும், அலைச்சல்தான். ஆனால் கணக்கில் ஏதும் நடந்தால், 'கடவுச்சொல்லை நீங்களே மற்றவருக்குக் கொடுத்தீர்கள்' என்ற ஒற்றை வரியில் நிறுவனம் கையைக் கழுவுவதற்கு இடமிருக்காது.

தொலைபேசி இலக்கம் யாருடைய பெயரில் இருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். இடம்பெயர்ந்த காலத்தில் அடையாள அட்டை இல்லாமல், தெரிந்த ஒருவரின் பெயரில் எடுத்த சிம்மை இன்னும் பாவிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த இலக்கத்துக்குத்தான் குறியீடு வருகிறது. சட்டப்படி இலக்கம் அந்த ஆளுடையது. அவர் நினைத்தால், அல்லது அவர் பெயரில் வேறொருவர் போனால், புதிய சிம் எடுக்கலாம். மின்னஞ்சல் அதைவிட முக்கியம், ஏனெனில் மறந்த கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு அங்கேதான் வரும். பலருக்கு மின்னஞ்சல் திறந்து கொடுத்தவர் சந்தியில் இருக்கும் கொம்யூனிக்கேஷன் கடைக்காரர். கடவுச்சொல் அவருடைய கொப்பியில் இருக்கும், அல்லது உங்கள் பெயரும் பிறந்த ஆண்டுமாக இருக்கும். நல்ல மனிதராக இருக்கலாம். கொப்பி தொலையாது என்று யார் சொல்வது? மின்னஞ்சலுக்கு முதலில் புதுக் கடவுச்சொல்லும் இரண்டாம் பூட்டும் போடாமல், பங்குச் செயலிக்கு எத்தனை பூட்டுப் போட்டும் பயனில்லை.

கணக்குத் திறக்கும்போது தரகு முகவரிடம் கேட்கவேண்டியதும் உண்டு. நான் செய்யாத ஒரு கொடுக்கல் வாங்கல் என் கணக்கில் நடந்தால் இழப்பு யாருடையது? ஒப்பந்தத்தில் அந்தப் பந்தி எங்கே இருக்கிறது? அது தமிழில் இருக்கிறதா? பதிலை மின்னஞ்சலில் தரச் சொல்லுங்கள். எவ்வளவு தரகு, எந்தப் பங்கு ஏறும் என்று கேட்பவர்கள் இதைக் கேட்பதே இல்லை. ஜப்பானியர்களும் கேட்கவில்லை.

மத்திய வைப்பு முறைமையில் உள்ள உங்கள் பங்குகளை, தரகரின் செயலியை நம்பியிராமல் நேரடியாகப் பார்க்கும் இணைய வசதியும் இருக்கிறது. அதில் பதிந்து, மாதத்துக்கு ஒரு தடவையாவது பார்ப்பது நல்லது. தெரியாத பங்கு ஒன்று வந்திருந்தால், அல்லது இருந்தது இல்லாமல் போயிருந்தால், திரையைப் படம்பிடித்து, நாளும் நேரமும் குறித்து, தரகு நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொல்வதோடு நில்லாமல் அன்றே எழுத்திலும் முறைப்பாடு கொடுங்கள். வங்கிக் கணக்கில் நடந்த மோசடிக்கு மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவு இருக்கிறது, இலக்கம் 1935. ஆனால் பங்குத் தரகர்கள் மத்திய வங்கியின் கீழ் வருவதில்லை. அவர்களுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு. முறைப்பாட்டின் பிரதி அங்கே போகவேண்டும். மத்திய வங்கிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் அந்த நாட்கள் வீணாகும்.